கேமராவுக்குக் கொடுத்த எண்

கேமராவில் ஒரு குறையும் இல்லை ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பழனிச்சாமி கடையில் நல்ல பொருள்தான் விற்பான். பழுதான பொருளை யார் தலையிலும் கட்டுகிறவன் இல்லை. நேற்று அவனை நீங்கள் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி பெஞ்சில் உட்கார வைத்திருந்தீர்கள். மத்தியானம் சாப்பிடவில்லை என்றான். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆனால் மனது கேட்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒருவன் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னால் விளக்கேற்றிச் சாமி கும்பிட முடியவில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

நிலையான ஐபி என்றால் என்ன என்று அவனிடம் கேட்டீர்களாம். அவனுக்கு விற்கத்தான் தெரியும். வீடு வீடாகப் போய் நெட் மாட்டிக் கொடுப்பது என் வேலை, நான் சொல்கிறேன்.

சீசன் நேரத்து லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்கு எந்த அறை காலியோ அந்தச் சாவியைக் கொடுப்பார்கள். இன்று கீழ் அறை, அடுத்த தடவை மாடி அறை. வீட்டில் இருக்கும் ரவுட்டரும் அப்படித்தான். போன், டிவி, கேமரா என்று எது வந்து சேர்ந்தாலும் அப்போதைக்குக் காலியாக இருக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும். மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் எண்ணும் மாறிப்போகலாம். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அதனால் தொந்தரவு இல்லை. வெளியூரிலிருந்து ஒருவர் கேமராவைப் பார்க்க வேண்டுமென்றால்தான் சிக்கல். அவர் பழைய அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார், கேமரா வேறு அறையில் இருக்கும். அதனால் கேமராவுக்கு மட்டும் ஓர் எண்ணை எழுதி வைத்துவிடுவோம். எத்தனை முறை அணைந்து எரிந்தாலும் அந்த எண் அதற்குத்தான். நிலையான ஐபி என்பது அவ்வளவுதான்.

பழனிச்சாமியிடம் கேமரா வாங்கிய சேனாதிபதி அவர்களின் வீட்டுக்கு அது அவசியமாக இருந்தது. நாயுடுபுரத்துச் சரிவில் அவர் தனியாக இருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் சுசித்ரா மெல்பர்னில். இந்த மலையில் இடி உறுமினால் எல்லாரும் முதலில் செய்வது பிளக்கைப் பிடுங்குவதுதான். இல்லையென்றால் ரவுட்டர் கருகிப்போகும். அவரும் பிடுங்குவார், மழை விட்டதும் மாட்டுவார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கேமராவின் எண் மாறிவிடும், அந்தப் பெண் அங்கே தவித்துப் போகும். என்னைக் கூப்பிட்டது அதற்காகத்தான்.

"அண்ணே, அப்பா ஹால்ல நடமாடுறதப் பாத்தாப் போதும்ணே, எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

நான் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். சரியாகத்தான் போட்டேன். கூலி வாங்கவில்லை.

அவரை முதல் நாளே எனக்கு அடையாளம் தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை, தெரிந்திருக்க நியாயமும் இல்லை. நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். இளவயதில் அடுக்கம் ஊருக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் குடியிருந்தோம். அவர் அங்கே மேனேஜர். லயத்தில் எத்தனையோ குடும்பங்கள். யார் யாரை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார்?

என் மனைவி பெயர் மகாராணி. ஒரு தைப்பூசத்துக்கு நான் பழனியில் சீரியல் லைட் கட்டும் வேலைக்குப் போயிருந்தபோது, அவள் காப்பி மூட்டையோடு சரிவில் உருண்டுவிட்டாள். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் இருந்தது. முதலாளி வீட்டு விருந்தாளிகளை ஏரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அதை நிறுத்தி வைத்திருந்தார் சேனாதிபதி. நான் விஷயம் தெரியாமல், வழக்கம்போல் அவளை விசாரிக்கப் பூத்திலிருந்து தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். அவர்தான் எடுத்தார். "நல்லா இருக்கா, தூங்குறா. நீ சோலிய முடிச்சிட்டு வா" என்றார். நான் பஞ்சாமிர்தம் வாங்கி வைத்துவிட்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். நான் நிம்மதியாகத் தூங்கினேன் ஐயா. இத்தனை வருஷமும் தொண்டையில் நிற்பது அதுதான்.

ஊர் திரும்பியபோது, "தூக்கத்துலயே போயிட்டாப்பா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று என் தோளில் தட்டினார். பக்கத்து லயத்து மூக்கம்மா வேறு மாதிரி சொன்னாள். கடைசிவரை நினைவோடு இருந்தாளாம். "அவுக போன் போட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாளாம்.

அதற்குப் பிறகு நான் ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைத்ததில்லை. அவளை முருகனிடம் ஒப்படைத்துவிட்டேன். கிருத்திகை தவறாமல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போவேன். மேகம் விலகினால் அங்கிருந்து பழனி மலை தெரியும், அதைப் பார்த்து ஒரு கும்பிடு. அடுத்தவர் வீட்டு வாசலில் வழுக்கும் பாசியைச் சுரண்டிவிடுவது, காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோவது, இந்த மாதிரிச் சின்ன உதவிகளில்தான் உலகம் நிற்கிறது என்பது என் நம்பிக்கை. சேனாதிபதிக்கும் அப்படித்தான் செய்தேன். தினமும் வெள்ளனே போய் இட்லியோ இடியாப்பமோ கொடுப்பேன். வெந்நீர் வைத்துத் தருவேன். மகள் சொன்னதால் அவர் என்னிடம் ஒரு சாவியே கொடுத்து வைத்தார்.

பிறகு அவர் புது டிவி வாங்கினார். நெட்டில் பழைய பாட்டு கேட்க ஆசை. அதை நான் இணைத்துக்கொண்டிருந்தபோது சுசித்ரா கூப்பிட்டாள். அவர் போனை என் கையில் திணித்தார்.

"ஏலே, நீ பேசு. தூங்குறேன்னு சொல்லு."

"முழிச்சுத்தானே இருக்கீங்க ஐயா."

"அடச் சொல்லுலே. எடுத்தா வைக்க மாட்டா. மாத்திரை போட்டியா, சுவெட்டர் போட்டியான்னு உசிர வாங்குவா."

சொன்னேன். அந்தப் பெண் "சரிண்ணே, எழுப்ப வேணாம்" என்று வைத்துவிட்டது. அவருக்கு ஒரே சிரிப்பு.

"பாத்தியா? அம்புட்டுத்தான். அடுக்கத்துல மேனேஜரா இருக்கையில எனக்கு இதே சோலிதான். எவனாச்சும் பொண்டாட்டி எப்படி இருக்கா, புள்ளை எப்படி இருக்குன்னு போனப் போட்டுக்கிட்டே கெடப்பான். நல்லா இருக்கா, தூங்குறான்னு சொல்லி வச்சிருவேன். நெசத்தச் சொன்னா அழுதுக்கிட்டு ஓடியாந்து நம்ம காலப் புடிப்பானுக."

"அதுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?"

"ஆனா ஆவுது. தூக்கத்துல போயிட்டான்னு சொன்னா அவனுக்கும் ஒரு ஆறுதல்தான? நீ வெரசாப் பாட்டப் போடு."

நான் பாட்டைப் போட்டேன். டிவிக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. ரவுட்டரே ஒன்றைக் கொடுத்திருக்கும், நான் கையால் ஒன்றைப் போட்டேன். கேமராவுக்குக் கொடுத்த அதே எண்.

இதுதான் நீங்கள் தேடும் கோளாறு. ஒரே அறைச் சாவியை இரண்டு பேருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டும் மோதிக்கொள்ளும். டிவி ஓடும்போது மகளுக்குக் கேமரா வராது. அவர் டிவியை அணைத்தால் வந்துவிடும். பழனிச்சாமி வந்து பார்த்தபோதெல்லாம் சேனாதிபதி மரியாதைக்காக டிவியை அணைத்துவிட்டுத்தான் பேசுவார். அதனால் கேமரா நன்றாகவே வேலை செய்தது. பாவம், அவனால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அப்போது நான் வேறொன்றும் திட்டமிடவில்லை. அந்தப் பெண் கேமராவில் பார்க்கும்போது வீடு தெரியாமல் இருட்டாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். போனின் மறுமுனையில் இருப்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

"அண்ணே, கேமரா மறுபடி வரலை" என்பாள். "மழைங்கம்மா. அப்பா நல்லா இருக்காங்க, இப்பத்தான் காப்பி குடிச்சாங்க" என்பேன். அதெல்லாம் உண்மைதான். மழை என்றது மட்டும் சில நாள் பொய். போகப் போக அவள் கேமராவை விட்டுவிட்டு என்னைக் கேட்கத் தொடங்கினாள். தீபாவளிக்கு எனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பினாள். நான் இப்போது போட்டிருப்பது அதுதான்.

அன்று காலை இடியாப்பம் கொண்டுபோனேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். டிவிக்கு முன்னால் தரையில் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே விழுந்திருக்க வேண்டும். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

என் பையில் போன் அடித்தது. சுசித்ரா.

"அண்ணே, நேத்திருந்து கேமரா வரலை. அப்பா போனையும் எடுக்கலை. நீங்க பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தாம்மா நிக்கிறேன்."

"எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. தூங்குறாங்க."

"அப்பாடா. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். நீங்க இருக்கையில எனக்கென்ன பயம்ணே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகக் கேட்டிருக்குமா என்று தெரியாது. இடியாப்பத்தை ஜன்னல் திண்டில் வைத்து, குரங்கு எடுக்காமலிருக்க ஒரு கல்லை மேலே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அன்று கிருத்திகை. முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை, கும்பிட்டேன், அவ்வளவுதான். மேகம் மூடியிருந்தது. பழனி தெரியவில்லை.

மத்தியானம் இடி உறுமத் தொடங்கி மின்சாரம் போயிற்று. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மின்சாரம் திரும்பினால் டிவி தானாக எரியாது, கேமரா எரியும். எண்ணுக்குப் போட்டியில்லை. அந்தப் பெண் அப்பா கிடக்கும் கோலத்தைப் பார்த்துவிடும். எனக்கு மனசு பதறியது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சாவியால் திறந்து உள்ளே போனேன். அவருக்கு உயிர் இருந்தது.

"வந்துட்டியாலே" என்றார். குரல் மெலிந்திருந்தது. "தண்ணி."

நான் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினேன். இடி இடிக்கும்போது இந்த மலையில் யாரும் செய்வதுதான். அதனால்தான் உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோதும் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. பிறகு அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். தலையைத் தூக்கிப் பிடித்து, புரையேறாமல், கொஞ்சம் கொஞ்சமாக. கை ஐஸாக இருந்தது. கட்டிலிலிருந்து கம்பளியை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன்.

"மக போன் போட்டாளா?" என்று கேட்டார்.

"போட்டாங்க. நல்லா இருக்கீங்க, தூங்குறீங்கன்னு சொல்லிட்டேன்."

"ஏம்ப்பா?" என்றார். அந்த வீட்டில் அதுவரை அவருக்கு நான் 'ஏலே'தான், 'ப்பா' போட்டு விளித்ததில்லை.

"நான் மகாராணி புருஷன்ங்க. அடுக்கத்து லயம்."

"யாரு?"

திரும்பவும் சொன்னேன். காப்பி மூட்டை, சரிவு, ஜீப், தைப்பூசம் எல்லாம் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே முயன்று பார்த்தார் ஐயா, அதை நான் மறைக்கக் கூடாது. அப்புறம் தலையை லேசாக ஆட்டினார். "ஞாபகம் இல்லையேப்பா. ஆம்புலன்சுக்குச் சொல்லு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

கதவு இடுக்கில் காற்று வந்தது, அதற்கு ஒரு கோணியை வைத்து அடைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் போனபோது முடிந்திருந்தது. உங்களுக்கும் சுசித்ராவுக்கும் போன் செய்தது நான்தான். சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக உங்கள் ஏட்டு சொன்னார். டாக்டர் சொன்னது சரி. மின்சாரக் கம்பத்தையோ கேமராவையோ யாரும் குறை சொல்ல வேண்டாம். அவரைச் சாகவிட்டது நான்தான். தெரிந்துதான் செய்தேன். கொலை என்று எழுதுவீர்களோ வேறு என்ன எழுதுவீர்களோ, உங்கள் சட்டப்படி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பழனிச்சாமியை மட்டும் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு சின்ன உதவி. சுசித்ரா நாளைக்கு வருகிறாளாம். அவள் என்னிடம் போனில் அழுதபோது, அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். பாவம், தூரத்தில் இருந்த பெண். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களுக்குத் தெரியாது ஐயா.