அழி ரப்பர்

தாராபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர்தான் ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டரைத் தொறந்தா, உள்ள ஒரு தலையணைக்கு ஆவற பஞ்சுங்க அக்கா!"

"அதெப்படி அம்மிணி?"

"கொழுந்தனாரு ஊட்டுக்கு ஒரு மாசம் குடுத்தனுங்க. பனியன் தைக்கற மிசினுக்குப் பக்கத்துலயே வெச்சிருந்திருக்காங்க. திரும்பி வந்ததுல இருந்து உசுரே வரலை. புள்ளையோட காலேஜ் ப்ராஜெக்ட் பூரா அதுக்குள்ளதானுங்க."

"அப்பறம்?"

"ரிப்பேர்காரரு பஞ்சையெல்லாம் வழிச்செடுத்தாரு. உள்ளிருந்து சின்னப் பட்டையாட்டம் ஒன்னை உருவி, இதுதான் மெமரின்னு சொல்லி, அழுக்குப் போக அழி ரப்பர்ல பரபரன்னு தேய்ச்சாரு. ரப்பர் போட்டா எல்லாம் அழிஞ்சு போயிருமில்லைங்க?"

"அழிஞ்சிருச்சா?"

"மறுக்காச் சொருகிப் போட்டாரு. உசுரு வந்திருச்சுங்க. ஒரு எழுத்துக்கூட அழியலீங்க அக்கா!"

மூத்தவர் பையை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.