நம்மாளு சாட்சி

— ...கேக்குதா? போனைக் காதுல நல்லா அழுத்திப் பிடிங்க.

— கேக்குது, கேக்குது. ஜெயிலுக்கு வந்தா காது செவிடாயிடுமா என்ன?

— அப்போ ஏன் பேசாம முழிச்சிக்கிட்டு இருந்தீங்க?

— கண்ணாடி வழியா உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தேன். பொண்டாட்டியப் பாத்தாலும் கேஸ் போடுவாங்களா?

— போட்டாலும் போடுவாங்க. நம்ம நிறத்துக்கு எந்தக் கேஸும் பொருந்தும்.

— ...அதுவும் சரிதான்.

— தாடியை எடுத்துட்டீங்க போல.

— காலையில கோர்ட்டுல்ல, அதான். நீ கொடுத்தனுப்பின சட்டையப் போட்டதும் வார்டர் கிண்டல் பண்றாரு, 'என்னய்யா, பொண்ணு பாக்கப் போறியா'ன்னு.

— கோர்ட்டுல என்ன ஆச்சு?

— என்ன ஆகும்... வாய்தாதான். அடுத்த மாசம்னுட்டாங்க. இதுக்குத்தான் உன்னை வர வேணாம்னேன். லீவைப் போட்டுட்டு வந்து கொட்டாவி விடறதுக்கா?

— நானும் வேலைக்குத்தான் போனேன். ஆஸ்பத்திரித் துணி மலை மாதிரி கிடக்கு. துவைக்கிற மிஷின்ல ஒண்ணு வேற மக்கர் பண்ணுது.

— நான் மட்டும் வெளியில இருந்தேன்னா...

— வேணாஞ்சாமி. நீங்க லிஃப்ட் மெக்கானிக். நீங்க கை வெச்சா அது மாடி ஏறி இறங்கும்.

— ஏய், சிரிக்க வைக்காதடி. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். ஜட்ஜு எப்படி? கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைப்பாரே, அவருதானே?

— அவரேதான்... உனக்கு எப்படித் தெரியும்?

— போன தடவை பாத்தேனே.

— போன தடவை லேடி ஜட்ஜுல்ல?

— ...வக்கீலம்மா சொன்னாங்கங்க. அதை விடுங்க. சோடாபுட்டி அண்ணன் வீட்டுக்கு வந்தாரு.

— வந்தானா? எப்படி இருக்கான் என் பார்ட்னர்?

— உக்காந்து அழறாரு. 'அன்னிக்குப் பூரா என்கூடத்தானே இருந்தான், ஒரே லிஃப்ட் குழிக்குள்ள ரெண்டு பேரும் கிரீஸும் கையுமா நின்னோமே, சொன்னா நம்ப மாட்டேங்கறாங்களே'ன்னு...

— பாவம், அவன் என்ன பண்ணுவான். ஜாமீன் கேட்டப்ப வந்து அத்தனையும் சொன்னான். அரசு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. 'நீங்களும் அவரும் ஒரே ஆளுங்கதானே?'ன்னாரு. இவன் ஆமான்னான். 'வேற கேள்வி இல்லை'ன்னு உக்காந்துட்டாரு.

— ஒரே நிறமா இருந்தா ஒரே பொய்யா?

— நம்மாளு சொன்னா அது சொந்தக்காரன் பேச்சு. அவங்காளு சொன்னாத்தான் சாட்சி.

— அந்தக் கிழவி மட்டும் உங்களைக் கை காட்டாம இருந்திருந்தா...

— அந்தம்மாவைத் திட்டாதே. மாடிப்படி இருட்டுல எவனோ அடிச்சுத் தள்ளிட்டு, கழுத்துல இருந்ததைப் பிடுங்கிட்டு ஓடியிருக்கான். கறுப்பா இருந்தான், தொழிலாளி துணி போட்டிருந்தான், அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும். அப்புறம் ஸ்டேஷன்ல ஆறு பேரை வரிசையா நிக்க வெச்சாங்க. அஞ்சு பேரு அவங்காளுங்க. வெள்ளைச் சட்டையில மை கொட்டின மாதிரி நடுவுல நான். வேற யாரைக் காட்டும் அந்தம்மா?

— இதையெல்லாம் விசாரணையில சொல்லலாம்ல?

— ...சொல்லலாம்.

— என்ன இழுக்கறீங்க?

— ஒண்ணுமில்ல. என் ரூம்ல ஒரு பையன் இருக்கான். இவனும் அவங்காளு ஒருத்தனும் சேர்ந்து ஒரு கடைய உடைச்சிருக்கானுங்க. ஒரே கடை, ஒரே ராத்திரி, ஒரே கடப்பாரை. அவனைப் பாத்து ஜட்ஜு, 'சின்ன வயசு, தெரியாம பண்ணிட்டான், வாழ வேண்டிய பையன்'னு எச்சரிச்சு அனுப்பிட்டாரு. இவனுக்கு, 'ஊருக்கே ஆபத்து'ன்னு ஏழு வருஷம்.

— அடப்பாவிங்களா...

— இதுல என்னன்னா, அவனைவிட இவன்தான் வயசுல சின்னவன். அழாதே. சரி, பாப்பா என்ன பண்றா?

— அப்பா எங்கன்னு நச்சரிக்கிறா. 'பெரிய கட்டடத்துல லிஃப்ட் நின்னு போச்சு, சரி பண்ணிட்டு வருவாரு'ன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— கெட்டிக்காரி. எத்தனை மாடின்னு கேக்கலயா?

— கேட்டா. நான் வாயை மூடிக்கிட்டேன்.

— ரொம்ப... ரொம்ப உயரம்னு சொல்லிரு.

— ஏன்?

— சும்மாதான். அப்புறம் அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு உங்க அக்காகூடப் போய் இருந்துக்கோயேன். டூல்ஸெல்லாம் சோடாபுட்டிகிட்ட கொடுத்துரு, துருப்பிடிச்சுடும்.

— அடுத்த மாசம் வெளிய வரப்போற மனுஷன் டூல்ஸை எதுக்குக் கொடுக்கணும்?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்...

— என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க.

— பேச்சை முடிங்கம்மா, டைம் ஆச்சு!

— இதோ முடிச்சிடறோம் வார்டர் சார்... நீங்க சொல்லுங்க. எதை மறைக்கறீங்க?

— ...வாய்தா இல்லடி.

— ம்.

— நேத்து சாயங்காலம் வரைக்கும் வக்கீலம்மா 'ஒரு கை பாத்துடலாம்'னாங்க. காலையில வந்து தலைகீழா பேசறாங்க. 'வழக்கு நடத்தினா தண்டனை பன்னெண்டு வருஷம் வரைக்கும் போகும். செஞ்சேன்னு ஒத்துக்கிட்டா அஞ்சோட முடிப்பாங்க. உங்க ஆளுங்க இந்தக் கோர்ட்டுல ஜெயிச்சு நான் பாத்ததில்ல'ன்னு சொல்லிட்டாங்க. ஒரே ராத்திரியில வக்கீலம்மா மனசை எது மாத்துச்சோ... ஒத்துக்கிட்டேன். தொடாத ஒரு பொம்பளையை அடிச்சேன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றதுன்னுதான்... என் புருஷன் கடைசி வரைக்கும் தலை நிமிந்து நிப்பாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே. என்னைக் கேவலமா நினைக்கிறியா?

— தலையைத் தூக்குங்க... நான் வேலைக்குப் போகலைங்க. கோர்ட்டுல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஜட்ஜு 'காதுல விழல, சத்தமா சொல்லு'ன்னப்ப, உங்களுக்கு முன்னாடி என் வாய்தான் 'ஆமா'ன்னு முணுமுணுத்துச்சு. நேத்து வக்கீலம்மா வீட்டு வாசல்ல போய் விழுந்ததே நான்தான்... 'எப்படியாவது அவரை ஒத்துக்க வைங்கம்மா, பன்னெண்டு வருஷம் என்னால தாங்க முடியாது'ன்னு.