இழுத்தால் நிற்காத வண்டி

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நாமக்கல் திரும்பும் பஸ்ஸில், என் முன்னிருக்கையில் ஒரு தம்பதி அமர்ந்திருந்தனர். கணவர் காலில் மாவுக்கட்டு. மனைவி தாலுகா போர்டு மருத்துவச்சி என்பது பேச்சில் விளங்கியது.

"காளையா அது, இழுத்தா நிக்கறதுக்கு?" என்றார் கணவர்.

"சின்னதுலிருந்து மாட்டு வண்டி ஓட்டுன கைங்க. நிறுத்தோணும்னா தன்னால பின்னுக்கு இழுக்குது," என்றார் மனைவி.

"மோட்டார் சைக்கிள்ல பின்னுக்குத் திருகுனா வேகமல்லவா கூடும். ஓட்டப் பழக்கிக்கிட்டுக் கூடவே ஓடியாந்த என்மேலயே ஏத்திப்போட்டயே."

"இனி அதைத் தொடமாட்டனுங்க. மாட்டு வண்டியிலயே போய்க்கறேன்."

"போன மாசம் நான் ஊர்ல இல்லாதப்ப ஒரு பிரசவத்துக்கு அப்படித்தான் போனே. நீ போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை பெத்தவ கண்ணை மூடிட்டா."

அந்த அம்மாள், "ஜேடர்பாளையத்துக்காரிக்கு இந்த மாசம் பிரசவமுங்க," என்றார்.

"உன்னைக் கூட்டிட்டுப் போக எனக்குக் கால் இல்லை."

கணவர் தம் ஊன்றுகோலை மோட்டார் சைக்கிள் கைப்பிடி போலக் குறுக்காக நீட்டினார். அம்மாள் அதன் இரு முனைகளையும் பற்றிக்கொண்டார்.

"நிறுத்து," என்றார் கணவர்.

அம்மாளின் வலக்கை தன் பக்கமே திருகியது.

"நிறுத்து."

இம்முறை கை தயங்கி, மெல்ல எதிர்ப்பக்கம் திருகியது. நாமக்கல் வரும்வரை கணவர் அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டு வந்தார்.