நூற்றுப்பதினான்காம் தப்பு

மேடையில் இருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், முன் வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சருடைய கணவருக்கும், உடன் பணிபுரிகிறவர்களுக்கும், பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம். நிற்கிற பிள்ளைகள் தரையில் உட்காரலாம். நான் சீக்கிரம் முடிக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் வேதியியல் துறைத் தலைவர், இருபத்து நான்கு ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர், பிள்ளைகள் ‘தப்பு டீச்சர்’ என்று அழைத்த நம் ஆசிரியை, போன மாதம் பதினெட்டாம் தேதி மருத்துவமனையில் காலமானார். அவருக்கு ஐம்பது வயது.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். அவருக்குக் கோபமே வராது என்றார்கள். யாரோடும் அவருக்குப் பகை இல்லை என்றார்கள். முதல் செய்தி தவறு. அடுத்தவருடைய தப்பான பதிலைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைக்கு அவரிடம் கிடைத்த திட்டு என் அறைவரை கேட்கும். இரண்டாவது செய்தி அரைகுறை. அவருக்குப் பகை இல்லாமல் இருக்கலாம். அவர்மேல் பகை வைத்திருந்த ஆள் ஒருவன் இருந்தான். அவன்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறான்.

நானும் வேதியியல் ஆசிரியன்தான். இந்தப் பள்ளியில் அவரைவிட இரண்டு ஆண்டுகள் மூத்தவன். எட்டு ஆண்டுகளுக்கு முன் துறைத் தலைவர் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்கள். அது எனக்கு வர வேண்டியது. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஒருவர் இறந்துவிட்டதால் பணிமூப்புப் பட்டியல் மாறிவிடாது.

அந்த டீச்சர் என்ன செய்தார்? வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதுவார். இரும்பு எரிந்தால் எடை கூடுமா, குறையுமா? பிள்ளைகள் துண்டுச்சீட்டில் பதில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பெயர் போடக்கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை டப்பா திறக்கப்படும். நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் குறையும் என்றுதான் எழுதியிருப்பார்கள். காகிதம் எரிந்தால் கொஞ்சம் சாம்பல்தானே மிஞ்சுகிறது, அந்த நினைப்பு.

“அப்படியா, பாத்துடுவோம்” என்பார் டீச்சர். இரும்பு நார்ச்சுருளைத் தராசில் நிறுப்பார். எரிப்பார். மறுபடி நிறுப்பார். எடை கூடியிருக்கும். காற்றில் இருந்த ஆக்சிஜனை இரும்பு பிடித்துக்கொண்டது என்று நானாக இருந்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அவர் சொல்ல மாட்டார். “கூடுன எடை எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு நிற்பார். பிள்ளைகள் சொல்லும்வரை நிற்பார். மணி அடித்தாலும் நிற்பார்.

தோற்றுப்போன பதில்கள் எல்லாம் ஒரு நீள நோட்டில் எண் போட்டு ஏறும். உப்பு கரைந்தால் இல்லாமல் போய்விடும், ஏழாம் எண். தங்கத்தின் அணு ஒவ்வொன்றும் மஞ்சளாக இருக்கும், முப்பத்திரண்டு. அமிலம் என்றாலே ஆளைக் கொல்லும், நாற்பத்தொன்று. அதை எழுதியவர்களில் பாதிப் பேர் அன்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு வந்தவர்கள்.

நூற்றுப்பதினான்காம் எண் என்னுடையது.

எட்டாம் வகுப்பில் நான் ஒரு குறிப்பு சொல்லி எழுத வைத்திருந்தேன்: “தண்ணீர் கொதிக்கும்போது வருபவை காற்றுக் குமிழிகள்.” ஏதோ அவசரத்தில் சொல்லிவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அவசரம் எல்லாம் இல்லை. அதுவரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதுகலைப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கொதிக்கிற தண்ணீரை நின்று பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள். குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்கும்.

“எல்லாரும் ஒண்ணுபோல எழுதியிருக்கீங்களே, பேசி வச்சுக்கிட்டீங்களா?”

“இல்ல டீச்சர். போன வருஷம் சார் நோட்ஸ்ல குடுத்தாரு.”

“சரி. தண்ணிக்குள்ள இருக்கிற காத்துன்னா ஒரு நேரத்துல தீரணும் இல்லையா? அடுப்ப அணைக்க வேணாம். உக்காந்து பாப்போம்.”

இருபது நிமிடம் உட்கார்ந்தார்கள். முதலில் வந்த சின்னக் குமிழிகள் காற்றுதான். அது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பெரிய குமிழிகள் நிற்கவில்லை. தண்ணீர்தான் குறைந்துகொண்டே போனது. பிறகு ஒரு குளிர்ந்த மூடியை மேலே பிடித்தார். மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

“இப்ப சொல்லுங்க, குமிழிக்குள்ள இருந்தது என்ன?”

“தண்ணிதான் டீச்சர். ஆவியா இருந்திருக்கு.” உடனே இன்னொரு குரல்: “அப்ப சார் சொன்னது காத்தோட போச்சா டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சிரித்தது.

மணி அடித்ததும் அவர் ஆசிரியர் அறைக்கு வந்தார்.

“சார், கோவமா?”

“எனக்கென்ன கோவம்? நீங்க துறைத் தலைவர். என்ன வேணா செய்யலாம்.”

“உங்க குமிழிய நோட்ல எழுதிக்கட்டுமா? பேர் போடல. பக்கத்துல இடம் விட்டிருக்கேன். தோணுச்சுன்னா நீங்களே வந்து போடுங்க. அப்படியே மொதப் பக்கத்தையும் ஒரு தடவ பாருங்க.”

“நான் செத்தாலும் அந்த நோட்டைத் தொட மாட்டேன்” என்றேன்.

அன்று மாலையே தலைமை ஆசிரியருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். பிள்ளைகள் ‘தப்பு பீரியட்’ என்று சொல்லும் அந்த வெள்ளிக்கிழமை வகுப்பால் ஆண்டுக்கு முப்பத்திரண்டு பீரியட் வீணாகிறது, பாடம் முடிவதில்லை, மாணவர்கள் தவறுகளையே மனப்பாடம் செய்துகொள்ளும் அபாயம் இருக்கிறது என்று எழுதினேன். கடைசி வரியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுதினேன். டீச்சர் இருந்தவரை அந்தக் கடிதத்துக்கு உயிர் வரவில்லை. கோப்பில் கிடந்தது.

நேற்றைக்கு முன்தினம் உயிர் வந்தது. புதிய காலஅட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட்: மாதிரித் தேர்வு. கீழே ஒரு வரி: ‘மூத்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைப்படி.’ அந்த மூத்த ஆசிரியர் நான்தான். நாற்காலி கொடுக்கிறபோது என் மூப்பு நினைவுக்கு வராத நிர்வாகம், இந்த ஒரு விஷயத்தில் என்னை மூத்தவன் ஆக்கியிருக்கிறது. சற்று முன் இதே மேடையில் தலைமை ஆசிரியர் டீச்சருடைய சேவையைப் பத்து நிமிடம் பாராட்டினார். நானும் கைதட்டினேன்.

அன்று மதியம் ஆய்வக உதவியாளர் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். “சார், கடைசியா போட்ட சீட்டெல்லாம் அப்படியே கெடக்கு. இனிமே அந்தப் பீரியடே இல்லைங்கிறாங்க. தூக்கிப் போட்டுடவா?” முப்பத்தெட்டுச் சீட்டு. தண்ணீரில் சர்க்கரை கரைந்த பிறகு மொத்த எடை என்ன ஆகும் என்பது கேள்வி. திறப்பதாக இருந்த வெள்ளிக்கிழமை டீச்சர் மருத்துவமனையில் இருந்தார்.

மாலையில் அவருடைய கணவர் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். “இதுல நான் கை வைக்கல சார். எழுத்துப் பிழையக்கூட விட்டுட்டேன். திருத்துனா அவ திட்டுவா” என்றார். அவ்வளவு சொன்னவரிடம் வாங்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் பக்கத்தைப் பார்த்தேன். முதல் எண்: ‘மெழுகுவர்த்தியில் எரிவது திரி மட்டுமே. மெழுகு உருகுவதோடு சரி.’ அதற்குக் கீழே அவர் கையெழுத்தில்: ‘மூன்று ஆண்டுகள் இப்படித்தான் நடத்தினேன். தப்பு செய்தது நான்.’

எண்ணிப் பார்த்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினொரு தப்பு. பத்தொன்பது இடத்தில் ‘நான்’ என்று போட்டிருக்கிறார். நூற்றுப்பதினான்குக்குப் பக்கத்தில் இடம் அப்படியே காலியாக இருந்தது. ஆறு ஆண்டுகளாக.

தலைமை ஆசிரியர் அவர்களே, என் கடிதத்தை இந்த இடத்திலேயே திரும்பப் பெறுகிறேன். வாயால் சொன்னது போதாதென்றால், எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், இதோ. கடிதம் இல்லையென்றால் பரிந்துரை ஏது? பரிந்துரை இல்லையென்றால் அட்டவணையில் அந்த வரிக்கு என்ன வேலை? அதற்கு மேலும் மாதிரித் தேர்வுதான் என்றால், அது உங்கள் பெயரில் நடக்கட்டும். என் பெயரில் நடக்க வேண்டாம்.

டீச்சரைப் பற்றி இன்னும் என்ன சொல்ல? நாற்காலி விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் இன்றும் நாங்கள் முகம் பார்த்துப் பேசியிருக்க மாட்டோம். ஆனால் தப்பைத் தப்பு என்று தராசில் வைத்துக் காட்டினார். தன்னுடையதை முதலில் வைத்தார். நாம் எத்தனை பேர் அதைச் செய்வோம்?

நேற்று நூற்றுப்பதினான்குக்குப் பக்கத்தில் ‘நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்டு, ‘தப்பு பீரியட் வீண்’ என்று எழுதினேன். அதற்கும் ‘நான்’தான்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடைசி பீரியடில் டப்பாவைத் திறக்கிறோம். தராசும் சர்க்கரையும் நான் கொண்டுவருகிறேன். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது சீட்டு இருக்கும். கூடுதல் சீட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பெயர் போடக்கூடாது என்பதுதான் டீச்சர் வைத்த விதி.