தமிழ் தெரிந்த போலீஸ்காரன்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டு இளைஞன் பக்கத்திலிருந்த ஊர்க்காரரிடம் சொன்னான்:

"போலீஸ் வேலையில சேந்ததும் மொதல்ல எங்க பெரியம்மா குடிசையத்தாண்ணே பிரிச்சேன்."

"என்ன தம்பி சொல்ற? அவுக வீட்ல தங்கித்தான பெங்களூர்ல வேல தேடுன?"

"ஆமாண்ணே. இங்க போலீசுக்கு ஆள் எடுத்தப்ப கழிச்சு விட்டுட்டாங்க. அங்க கன்னடப் பரீட்சை பாஸ் பண்ணி சர்டிபிகேட் வாங்கணும்னாங்க. அதுவரைக்கும் பெரியம்மாதான் சோறு போட்டாக."

"பெறகு?"

"குடிசைகள எடுக்க ஆர்டர் வந்துச்சு. 'எல்லாம் ஒங்க ஊர் ஆளுக, நீயே தமிழ்ல சொல்லி வெளியேத்து'ன்னு என்னைய முன்னால விட்டாங்க."

"ஒங்க பெரியம்மா ஒண்ணுஞ் சொல்லலையா?"

"அதிகாரி பக்கத்துல நின்னாருண்ணே. என் வேலைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு, என்னையத் தெரியாத மாதிரியே, 'அரிசிப் பானைய மட்டும் எடுத்துக்கிறேன் சார்'னாக."

"இப்ப எங்க இருக்காக?"

"எம்புட்டோ தேடிட்டேன். ஆளக் காணோம்."

"ஒங்க அம்மாவுக்குத் தெரியுமா? கூடப் பொறந்த அக்காவாச்சே."

"தெரியாது. அதச் சொல்லத்தான் வாரேன்."

திருமங்கலத்தில் பஸ் நின்றது. அவன் மேலேயிருந்து பெட்டியை இறக்குவதற்குள், ஊர்க்காரர் அவனுக்காக நிற்காமல் இறங்கி நடந்தார்.