பென்சில் தட்டாத இடம்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். மாற்றச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. இயந்திரக் கையேடுகள்தான் எங்கள் பிழைப்பு. சரிபார்க்க எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. மொழிபெயர்த்தவர் ஜெர்மனை உரக்க வாசிப்பார். எதிரே இருப்பவர் ஆங்கில மூலத்தைப் பார்த்தபடி பென்சிலோடு கேட்பார். சந்தேகம் வந்தால் மேசையில் ஒரு தட்டு. தட்டாவிட்டால் சரி. மௌனம் சம்மதம் என்பது ஊருக்குப் பழமொழி, எங்களுக்கு விதி.

நீங்கள் கேட்கிற அந்தக் கையேட்டை மொழிபெயர்த்தவள் புதிதாகச் சேர்ந்த பெண். அவள் வேகத்தைப் பார்த்துப் புயல் என்று கூப்பிடுவோம். இயந்திரத்தின் விளக்கு அணைந்த பிறகும் அதன் மேலே உள்ள செம்புப் பட்டை ‘ஹாட்’டாகவே இருக்கும் என்று மூலத்தில் ஓர் எச்சரிக்கை. ஹாட் என்றால் சூடு, பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மின்வேலைக்காரர்கள் மின்சாரம் பாய்கிற கம்பியையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஜெர்மனில் ‘ஹைஸ்’ என்று போட்டால் தொழிலாளி வெறும் சூடு என்றுதான் எடுத்துக்கொள்வான். புயல் ‘ஹைஸ்’ என்று வாசித்தாள். என் பென்சிலைப் பார்த்தாள். நான் தட்டவில்லை.

இயந்திரம் எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பொருத்தப் போகிறவர் என் தங்கையின் கணவர். இங்கே ஜெர்மனிக்கு வந்து ஜெர்மன் படித்தவர், அவருக்கு ஆங்கிலம் வராது.

மாப்பிள்ளை நல்லவர், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். குளியலறையில் விசிலடிப்பார். என் கோப்பையில் காபி குடிப்பார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான் என்றாலும் பொறுத்துக்கொண்டேன். இந்த இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவருக்குப் பதவி உயர்வு, வேறு நகரம்.

தங்கை அப்போதே பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். “அண்ணா, நீங்க தனியா சமாளிச்சுப்பீங்கல்ல?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பெற்றோர் போன பிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டு வளர்த்தவன் நான். எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நான் யாரையும் தொடவில்லை, கவனியுங்கள். ஒரு பென்சிலை அசைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை எப்போதும் எச்சரிக்கையானவர். முதலில் புறங்கையைப் பட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாராம். சூடு இல்லை. அதனால் தொட்டார். அதிக நேரம் வேதனைப்படவில்லை என்றார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

புயலை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் மேசைக்கு வந்து அழுதாள். பாவம், குடும்பத்தில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு நல்ல சான்றிதழ் கொடுக்கும்படி நான்தான் முதலாளியிடம் பேசினேன்.

நீங்கள் திரும்பத் திரும்ப அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறீர்கள். சரி, சொல்கிறேன். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“மச்சான், உங்க ஆபீஸ்ல பண்ண கையேடுதான் வந்திருக்கு,” என்றார் மாப்பிள்ளை. “விளக்கு அணைஞ்சாலும் பட்டை சூடா இருக்கும்னு போட்டிருக்கே. ஆறினப்புறம் தொடலாமில்ல?”

தங்கை எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஆறிட்டா தாராளமா தொடலாம் மாப்பிள்ளை,” என்றேன். சாப்பிடுகிற மனிதரை எதற்காகப் பயமுறுத்த வேண்டும்?

அவள்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது கோபமாக இருப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். இந்த விசாரணையெல்லாம் முடிந்ததும் அவளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பெட்டியில் இருந்த துணிகளையெல்லாம் எடுத்து, பழையபடி அவளுடைய அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன்.