ரிவால்வரில் வெடிக்காத தோட்டாக்கள்

டக்.

வெடிக்கவில்லை. அப்பா மறுபடி விசையை இழுக்கிறார். டக். மூங்கில் புதரிலிருந்து இறங்கிய மூன்று பேரும் சிரிக்கிறார்கள். கையில் நீள வாள்கள்.

"மீனாட்சி! புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஓடு!"

அம்மா தம்பியை அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். நான் பாதையோரப் பள்ளத்தில் படுத்துக்கொள்கிறேன்.

1942. பர்மா. புரோமிலிருந்து கடற்கரைக்குப் போகும் மலைப்பாதை. ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு ஊருக்கு நடந்தே கிளம்பிய தமிழர்களில் நாங்களும் நாலு பேர். எனக்குப் பதினொரு வயது.

ரிவால்வர் அரிசி ஆலை துரையுடையது. முதல் உலகப் போரில் பட்டாள அதிகாரியாக இருந்தவர். அப்பா அவருடைய காவலாளி. துரை கப்பலேறினார். எங்களுக்குக் கப்பலில் இடமில்லை. ஆலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்தார். அப்பா கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அப்பா துப்பாக்கியை மடக்கித் திறக்கிறார். தோட்டாக்கள் மொத்தமும் தெறித்து மண்ணில் விழுகின்றன. குனிந்தார். நிமிரவில்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

ரிவால்வரை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஒரு தோட்டாவைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

கடல் கண்ணில் படுவதற்கு முன்பே தம்பிக்கு வாந்திபேதி. பிறகு அம்மாவுக்கு.

1991. சைதாப்பேட்டை. முன்னாள் பிரதமர் கொலைக்குப் பிறகு போலீஸ் வாடகை வீடுகளைச் சோதிக்கிறது. என் தகரப் பெட்டியைக் கவிழ்க்கிறார்கள்.

"இன்னாம்மா இது? தோட்டாவ வெச்சிகினு கீறே! யாரு குட்தது?"

பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆயுதம் ஆய்வு செய்யும் அதிகாரி வந்தார். பர்மாவில் நடந்ததைச் சொன்னேன். தோட்டாவைப் புரட்டிப் பார்த்தார்.

"மொத உலகப் போர் சரக்கும்மா. நீங்க சொல்ற ரெண்டாவது சண்டைக்கு முன்னாடியே பட்டாளம் இத ஒதுக்கிட்டு, சின்ன ரகத்துக்கு மாறிடுச்சு. அடியில பாருங்க, ஊசி குத்தின பள்ளம். குத்தியும் வெடிக்கல. வருஷக்கணக்கா அலமாரியில கிடந்திருக்கும். மருந்து செத்துப்போச்சு."

"குடுத்தவருக்கு அது தெரிஞ்சிருக்குமா, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பட்டாளத்துக்காரருக்குத் தெரியாம இருக்காதும்மா."

அதுவரை விதி என்று நினைத்திருந்தேன்.

தோட்டாவை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். உரிமமில்லாமல் வைத்திருந்ததாக என் மேல் வழக்கு. அப்பாவை வெட்டியவர்கள் மேல் எந்த ஸ்டேஷனிலும் வழக்கில்லை. துரை மேலும் இல்லை.

மறக்காதீர்கள். அப்பா முத்தையா, மலைப்பாதையில். தம்பி குமரன், நாலு வயது, ஓடைக்கரையில். அம்மா மீனாட்சி, பெயர் தெரியாத ஒரு கிராமத்து வேலியோரம். மூன்று பேர். ஒருவருக்கும் குழி தோண்ட ஆளில்லை.